பூட் ஆனபோது பார்த்த ஐபியையே பிடித்துத் தொங்கும் ஃபயர்வால் ஸ்கிரிப்ட்டுகள்

பிபிபிஓஇ லைன் (டயல் செய்து இணையும் பிராட்பேண்ட்) விழுந்து எழுந்தால் ஐபி முகவரி மாறக்கூடும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். அப்புறம் ஏனய்யா இன்னமும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ஐபியை கிரெப் கமாண்டால் தேடி எடுத்து, ஒரு வேரியபிளில் போட்டு, இருபது ஃபயர்வால் ரூல்களில் ஒட்டி வைக்கிறீர்கள்? பூட் நேரத்தில் லைன் இன்னும் எழவில்லை என்றால் அந்த வேரியபிள் காலி. ரூல் பிழை காட்டி விழும், ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும்.

அதே ஐபியை எஸ்நாட்டில் (வெளியே போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை மாற்றும் ரூல்) எழுதுவது இன்னும் கொடுமை. லைன் திரும்பியதும் பாக்கெட்டுகள் பழைய முகவரியோடு வெளியே போகும், பதில் வராது. ரூலைத் திருத்தினாலும் தீராது. நாட் எனும் முகவரி மாற்றத்தின் முடிவு முதல் பாக்கெட்டிலேயே கான்ட்ராக்கில் (கெர்னலின் இணைப்புப் பதிவேடு) பதிந்துவிடுகிறது. 20 விநாடிக்கு ஒரு கீப்-அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு பாக்கெட்) அனுப்பும் எஸ்ஐபி (இணையவழி) போன் இருந்தால் அந்தப் பதிவு காலாவதியே ஆகாது. கான்ட்ராக் கமாண்டால் கையால் அழிக்கும்வரை போன் ஊமைதான். எஸ்நாட்டுக்குப் பதிலாக மாஸ்குரேட் ரூல் இதற்காகவே இருக்கிறது! இணைப்பு தொடங்கும் நேரத்து ஐபியை எடுக்கும், இன்டர்ஃபேஸ் விழுந்தால் பழைய பதிவுகளையும் துடைக்கும். எஸ்நாட் நிலையான ஐபி உள்ளவர்களுக்கு.

என்எஃப்டேபிள்ஸுக்கு (லினக்ஸில் ஐப்டேபிள்ஸுக்குப் பின் வந்த ஃபயர்வால் கருவி) மாறியவர்கள் செய்வதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. "ஐஐஎஃப் பிபிபி0" (பிபிபி0 என்ற லைன் இன்டர்ஃபேஸ் வழியே உள்ளே வருவது) என்று எழுதினால் பெயர் அல்ல, லோடு ஆகும் நொடியில் அந்த இன்டர்ஃபேஸுக்கு இருக்கும் இன்டெக்ஸ் எண்தான் பதிவாகிறது. லைன் மறுபடி டயல் ஆனால் பிபிபி0 புது எண்ணோடு பிறக்கும். ரூல் பழைய எண்ணுக்காகக் காத்துக் கிடக்கும். பூட்டில் இதைவிட ஆபத்து. ஃபயர்வால் சர்வீஸ் நெட்வொர்க்குக்கு முன்பே ஓடுகிறது, பிபிபி0 அப்போது இல்லை, அந்த ஒரு வரிக்காக முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். ஒரு ரூல்கூட ஏறாது. கெர்னல் எல்லாவற்றையும் உள்ளே விடும். இயந்திரம் திறந்த வீடாக நிற்கும்! வந்து போகும் இன்டர்ஃபேஸ் எதுவானாலும் பெயரையே பார்க்கும் ஐஐஎஃப்நேம் (உள்ளே வர), ஓஐஎஃப்நேம் (வெளியே போக) என்று எழுதுங்கள். ஐஐஎஃப் லூப்பேக்குக்கு (இயந்திரம் தன்னோடே பேசும் இன்டர்ஃபேஸ்) போதும்.

இன்டர்ஃபேஸ் எழும்போதெல்லாம் எல்லா ரூல்களையும் ஃப்ளஷ் செய்து (அழித்து) மறுபடி ஏற்றுவது தீர்வே இல்லை. டாக்கரும் (கன்டெய்னர் ஓட்டும் மென்பொருள்) ஃபெயில்2பேனும் (தாக்கும் ஐபிகளைத் தடுக்கும் மென்பொருள்) போட்ட ரூல்கள் அதோடு போய்விடும், கன்டெய்னர் போர்ட்கள் செத்துவிடும். ஐப்டேபிள்ஸில் இன்புட் பாலிசி டிராப் (எந்த ரூலிலும் பொருந்தாமல் உள்ளே வருவதைக் கைவிடு) என்றிருந்தால் ஃப்ளஷுக்கும் அடுத்த ரூலுக்கும் நடுவே எஸ்எஸ்ஹெச் தொலை லாகினும் தொங்கும். பெயரை வைத்து எழுதிய ரூலுக்கு ரீலோடே தேவையில்லை.

அப்படியும் ஐபி-அப்.டி கோப்புறையில் (லைன் எழும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டுகளின் இடம்) ஏதாவது ஓட்டியே ஆக வேண்டுமா? டெபியன் லினக்ஸில் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால், கோப்புறையின் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் ரன்-பார்ட்ஸ் கமாண்ட் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். 'ஃபயர்வால்.எஸ்ஹெச்' ஓடாது, 'ஃபயர்வால்' ஓடும். எக்ஸிகியூட் அனுமதி கொடுத்துவிட்டு, ரன்-பார்ட்ஸின் டெஸ்ட் ஆப்ஷனில் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.