கிளாடெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்
உங்கள் இதழின் டிசம்பர் 1-க்கான பகுதியில், 1955-இல் அதே நாளில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸை நினைவுகூர்ந்து, கூடவே அதையொட்டி எழுந்த போராட்டம் பற்றி 'மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு எத்தனை நாள் நீடித்தது?' என்று புதிரும் போட்டதற்கு நன்றி. விடை 381 நாள். வீட்டு வேலைக்குப் போன கறுப்பினப் பெண்கள் அத்தனை நாளும் பேருந்தில் ஏறாமல் மழையிலும் குளிரிலும் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

அப்புறம், ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது: கிளாடெட் கால்வின். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானவர். அப்போது வயது 15! பேருந்துகளில் நிறப் பிரிவினையை ஒழித்த வழக்கின் மனுதாரர்களில் அவரும் ஒருவர். அந்தக் கைதால் அவர்மீதிருந்த பழைய குற்றப் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-இல்தான், அவருடைய 82 வயதில். மார்ச் 2 வரும்போது அவரைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.