ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவுக்கு அரசின் பரிந்துரை தேவையில்லை

ஒரு நாட்டின் தேர்வுக் குழு அனுப்பினால்தான் ஆவணப்படம் ஆஸ்கருக்குப் போட்டியிட முடியும் என்றும், ஆகவே ஆளும் தரப்பை விமர்சிக்கும் சுயாதீன இயக்குநர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது சர்வதேசத் திரைப்படப் பிரிவின் விதியை ஆவணப்படப் பிரிவின் மீது ஏற்றிச் சொல்வதாகும்.

நாட்டுக்கு ஒரு படம் என்ற கட்டுப்பாடு சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு மட்டுமே உரியது. முழுநீள ஆவணப்படத்தைத் தயாரிப்பாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆஸ்கரை வழங்கும் அகாடமி குறிப்பிடும் நகரத் திரையரங்குகளில் கட்டணக் காட்சியாக ஒரு வாரம் ஓடியிருந்தாலோ, அதன் பட்டியலிலுள்ள விழாவொன்றில் தகுதி தரும் விருதைப் பெற்றிருந்தாலோ போதும். அதன்பின் 15 படங்களையும் அவற்றிலிருந்து ஐந்தையும் தேர்ந்தெடுப்பவர்கள் அகாடமியின் ஆவணப்படக் கிளை உறுப்பினர்கள்தான்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. வட மாசிடோனியாவின் ஆவணப்படமான 'ஹனிலேண்ட்' 2020-இல் இரு பிரிவுகளிலும் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. நாட்டின் அதிகாரபூர்வத் தேர்வாக அனுப்பப்படும் ஆவணப்படமும் தகுதி பெறும் என்பது கூடுதல் வழியே தவிர ஒரே வழியன்று. 2025-இல் ஆவணப்பட விருதை வென்ற 'நோ அதர் லேண்ட்' எந்த நாட்டின் அதிகாரபூர்வத் தேர்வாகவும் செல்லவில்லை, அப்போது அதற்கு அமெரிக்க விநியோகஸ்தர்கூட இல்லை.

உண்மையான தடை பணம்தான். திரையரங்க வாடகையையும் விளம்பரச் செலவையும் பெரிய ஓடிடி தளங்கள் எளிதில் ஏற்கின்றன, தனி இயக்குநரால் பெரும்பாலும் முடிவதில்லை. விமர்சிப்பதென்றால் அதை விமர்சிக்கலாம்.