போட்டி வந்தால் கட்சி உடைந்துவிடுமா?

தலைவர் பதவிக்கு ஒரே கட்சியில் இரண்டு பேர் மனு போட்டால் போதும், "உட்கட்சிப் பூசல்" என்று செய்தி வந்துவிடுகிறது. ஒரே ஒருவர் மனு போட்டால் "ஒருமனதாகத் தேர்வு" என்று பட்டாசு வெடிக்கிறார்கள். இது தலைகீழான பார்வை என்றே நினைக்கிறேன்.

2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. கார்கேவுக்கு 7,897 ஓட்டு, சசி தரூருக்கு 1,072. மேலிடம் யார் பக்கம் என்று கட்சிக்காரர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? அப்படியும் ஆயிரம் பேருக்கு மேல் தரூருக்குப் போட்டார்கள். கட்சி ஒன்றும் உடையவில்லை. அடுத்த ஆண்டு கார்கே அமைத்த செயற்குழுவிலேயே தரூருக்கு இடம் கிடைத்தது.

இதே கட்சியில் 1939-இல் காந்தி ஆதரித்த பட்டாபி சீதாராமையாவை 1,580-க்கு 1,377 என்று சுபாஷ் சந்திர போஸ் தோற்கடித்தார். செயற்குழுவில் பெரும்பாலோர் விலகினார்கள், ஏப்ரலில் போஸும் ராஜினாமா செய்தார். அங்கே விரிசலை உண்டாக்கியது தேர்தல் இல்லை. ஜெயித்தவரை வேலை செய்ய விடாததுதான்.

"உறுப்பினர்கள் தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியில் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக் முந்தினார், உறுப்பினர்கள் லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு மாதம்கூட அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆனால் அவரை மாற்றவும் அந்தக் கட்சியில் வழி இருந்தது. ஒருமனதாக உட்கார வைத்த தலைவரை எந்த வழியில் இறக்குவது?

என் கவலை வாக்காளர் பட்டியலைப் பற்றியது. ஓட்டுப் போடும் பிரதிநிதிகள் கீழ்மட்டத் தேர்தலில் வந்தவர்களா, மாநிலத் தலைமை எழுதிக் கொடுத்த பெயர்களா? 2022-இல் தரூர் உள்பட ஐந்து எம்.பி.க்கள் பட்டியலைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையே வரக்கூடாது. மனுத் தாக்கலுக்கு முன்பே பட்டியல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

அதே தேர்தலில் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். எண்ணுவதற்கு முன் எல்லா மாநிலங்களின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த 1,072 பேருக்கு அது எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுத்திருக்கும்! பட்டியலிலும் அதே அக்கறையைக் காட்டியிருக்கலாம்.