கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் வரி

வருஷம் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் வருமான வரியே கிடையாது என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தபோது எங்கள் டாக்ஸி ஸ்டாண்டிலும் அதுதான் பேச்சு. "நமக்கென்னண்ணே, நாம என்னிக்கு வரி கட்டிருக்கோம்?" என்றான் ஒரு தம்பி. இன்னும் பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

டி போர்டு, அதாவது வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு டீசல் வண்டி. சென்னை டிராஃபிக்கில் ஏசி போட்டு ஓட்டினால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைப்பதே பெரிய விஷயம். நாளைக்கு 160 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள், 10 லிட்டர் டீசல். 2025இல் இங்கே டீசல் 92 ரூபாய் சொச்சம். அதில் மத்திய அரசின் கலால் வரி 17 ரூபாய் 80 காசு. மாநில அரசின் விற்பனை வரியான வாட் 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. அந்த 11 சதவீதத்தையும் கலால் வரி சேர்ந்த விலை மேல்தான் போடுகிறார்கள். வரிக்கே வரி. எல்லாம் கூட்டினால் லிட்டருக்கு ஏறக்குறைய 35 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல். மாதம் 25 நாள் ஓட்டினால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து ஐந்தாயிரம் ரூபாய். வரியே கட்டாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தம்பி கட்டுகிற வரி இது.

"அதை சவாரிக்காரர்கிட்ட வாங்கிக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். மளிகைக் கடைக்காரர் அப்படிச் செய்யலாம், விலையை அவர்தான் எழுதுகிறார். டாக்ஸி ஆப் மூலம் ஓட்டுகிறவனுக்கு ரேட்டைத் தீர்மானிக்கும் வேலையே கிடையாது. டீசல் ஏறினால் ரேட் ஏறாது, அடுத்த கம்பெனி குறைத்தால் உடனே இறங்கும். விலை வைக்க முடியாதவன் தலையில்தான் வரி கடைசியில் வந்து உட்காரும். நான் சொல்ல வருவதே இவ்வளவுதான்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். பயணி கொடுப்பது 420 ரூபாய். அதில் 20 ரூபாய் 5 சதவீத ஜிஎஸ்டி. மீதி 400இல் ஆப் கம்பெனியின் கமிஷன் 25 சதவீதம் என்றால் 100 போச்சு. அந்தக் கமிஷனுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 18 ரூபாய். கைக்கு வருவது 282. சவாரி 18 கிலோமீட்டர், பிக்கப் இடத்துக்குக் காலியாகப் போனது 4 கிலோமீட்டர். 2025 விலைக்கு டீசல் 126 ரூபாய், அதில் வரி மட்டும் 48. மூன்று வரியையும் கூட்டினால் அரசாங்கத்துக்கு 86 ரூபாய். எனக்கு மிஞ்சுவது 156. இதில்தான் வண்டிக் கடன் டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி என்கிற தகுதிச் சான்று, டயர், அப்புறம் என் சாப்பாடு. ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் ரோட்டில் சாயங்காலம் 18 கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள்.

அந்தக் காலி 4 கிலோமீட்டருக்கும் வரி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டு அடுத்த சவாரி இல்லாமல் மேடவாக்கம் திரும்பினால் வருமானம் பூஜ்யம், வரி மட்டும் முழுசு. வருமான வரி லாபம் பார்த்து வரும். டீசல் வரிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

கம்பெனிகளுக்கு இன்புட் கிரெடிட் என்று ஒன்று உண்டு. வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். பெட்ரோல், டீசல் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே அதற்கு வெளியே நிற்கிறது. அதனால் டீசலுக்குக் கட்டியதைக் கழிக்க வழியே இல்லை. டயருக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் கட்டியதையும் என் மாதிரி ஆட்கள் கழிக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார், டயர் எல்லாம் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயம்தான், புது வண்டி எடுப்பவருக்கு. அதற்கு முன் எடுத்தவன் பழைய வரியைச் சேர்த்த கடனுக்குத்தான் இன்னும் டியூ கட்டுகிறான்.

யார் மேல் தப்பு என்று ஆரம்பித்தால் கட்சிக்காரர்கள் கமெண்டில் வந்துவிடுவார்கள். வரட்டும். 2014இல் டீசல் மேல் கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதம், கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குக் கிடந்த நேரத்தில், ஒரே ராத்திரியில் லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றி 31 ரூபாய் 83 காசு ஆக்கினார்கள். நாங்கள் ஊரடங்கில் வண்டிக்குக் கவர் போட்டு மூடிவைத்திருந்த நேரம். அதே மே மாதம் இங்கே அதிமுக அரசும் டீசலுக்கு இரண்டரை ரூபாய் ஏற்றியது. பிறகு 2021, 2022இல் மத்திய அரசு இரண்டு தடவை குறைத்தது, 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் கூட்டியது.

திமுக 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டூவீலர் ஓட்டும் உழைக்கும் மக்களுக்காக என்று. டீசலுக்கு ஒன்றும் இல்லை. டீசல் கார் வைத்திருப்பவன் எல்லாம் பணக்காரன் போல.

மாநிலத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஜிஎஸ்டி வந்தபின் அவர்கள் இஷ்டத்துக்குப் போடக்கூடிய பெரிய வரிகளில் முக்கியமாக மிஞ்சியது எரிபொருளும் சாராயமும். மத்திய அரசு வாங்கும் கலால் வரியிலும் பெரும்பகுதி செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் இருப்பதால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 2025இல் டீசலில் பங்கு பிரிக்கும் அடிப்படை வரி லிட்டருக்கு 1 ரூபாய் 80 காசுதான். ரெண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டுவதற்கு நடுவில் பெட்ரோல் பங்கில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

டீசல் விலை குறைவான பாண்டிச்சேரிக்கு ட்ரிப் கிடைத்தால் டேங்கை ரொப்பாமல் திரும்புகிற டிரைவர் கிடையாது. பெங்களூர் போனால் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டித்தான் டீசல். கர்நாடகாவும் 2024, 2025 என்று இரண்டு தடவை வரியை ஏற்றிவிட்டதால் அந்த லாபமும் சுருங்கிவிட்டது. சிஎன்ஜி கேஸுக்கு மாறியவர்கள் பங்கில் வரிசையில் நிற்கிறார்கள். டிக்கியில் சிலிண்டர் இருப்பதால் ஏர்போர்ட் பயணி பெட்டியோடு வந்து முறைக்கிறார்.

இன்னொரு வயிற்றெரிச்சல். 2025 ஆகஸ்ட் 15 முதல் 200 தடவை டோல் கடக்கும் ஃபாஸ்டேக் வருஷ பாஸ் கொடுக்கிறார்கள், ஆரம்பத்தில் 3,000 ரூபாய்க்கு. சொந்த காருக்கு மட்டும். ரோட்டிலேயே குடியிருக்கிற மஞ்சள் போர்டுக்குக் கிடையாது.

வரியையே எடுங்கள் என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்கு டீசல் இருக்கிறது. படகுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு வைத்து, பதிவு பார்த்துக் கொடுக்கிறார்கள். டீசல்தான் அந்தத் தொழிலுக்கு மூலதனம் என்று அரசு ஒப்புக்கொண்டதால் வந்த சலுகை. அதே கணக்கில், சொந்தமாக ஒரே ஒரு டி போர்டு வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவனுக்கு மாதம் 200 லிட்டர் வரை வாட் மட்டும் விலக்கிக் கொடுங்கள். மாதம் 3,500 ரூபாய் மிஞ்சும். பத்து வண்டி விட்டிருக்கும் டிராவல்ஸ்காரருக்கு வேண்டாம்.

அந்த டீசலை டிரைவர்கள் வாங்கி வெளியே விற்றுவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். என் வண்டியின் பெர்மிட், எஃப்.சி, ஃபாஸ்டேக், எந்த டோலை எத்தனை மணிக்குத் தாண்டினேன் என்பது வரை எல்லாமே அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஃபைன் போடும்போது மட்டும் அது எப்படி உடனே திறக்கிறது?