‘அசல் ஸ்பானிஷ்’ தேடும் அண்ணைக்கு

நேற்று இரவு எங்கள் மெல்பேர்ண் ஈழத்தமிழர் இணையக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் அங்கேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் நிர்வாகி வந்து ‘சினிமாக் கதை போதும், ஒன்றுகூடலுக்கு ஆர் ஆர் என்ன சமைச்சுக் கொண்டுவாறியள்?’ என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார். சரி, இது என் வீட்டுத் திண்ணை. இங்கே யாரும் சாத்த முடியாது.

அண்ணை எழுதியது இதுதான்: ‘ஸ்பானிஷ் படவிழா எண்டு சொல்லி ரிக்கற் வித்துப்போட்டு சிலிப் படத்தைக் காட்டுறாங்கள். இது அசல் ஸ்பானிஷே இல்லை. பள்ளிக்கூடத்தில ஸ்பானிஷ் படிக்கிற மகளுக்கே ஒண்டும் விளங்கேல்லை. ஏமாத்து வேலை.’ அதற்கு முப்பத்தேழு லைக். அந்த முப்பத்தேழு பேரில் எத்தனை பேர் அந்தப் படவிழாப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்கள் என்று கேட்டால் கோபம் வரும், கேட்கவில்லை.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் என்பது ஸ்பெயின் இல்லை. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உலகத்தில் ஏறக்குறைய ஐம்பது கோடி. ஸ்பெயினின் மொத்தச் சனத்தொகையே ஐந்து கோடிக்குள். மெக்சிக்கோவில் மட்டும் பதின்மூன்று கோடி. பத்துப் பேர் ஸ்பானிஷ் கதைத்தால் ஒன்பது பேர் ஸ்பெயினுக்கு வெளியே நின்றுதான் கதைக்கிறார்கள். ஒஸ்காரை எடுங்கள். பிறமொழிப் படத்துக்கான விருது ஸ்பெயினுக்கு நாலு தரம் கிடைத்திருக்கிறது. ஆர்ஜென்ரீனாவுக்கு இரண்டு, சிலிக்கு ஒன்று, மெக்சிக்கோவுக்கு ஒன்று. நாலுக்கு நாலு. இதில் அசல் எது, நகல் எது அண்ணை?

சிட்னி, மெல்பேர்ண், கன்பரா, பிரிஸ்பேன், அடிலெய்ட், பேர்த் என்று ஒவ்வொரு வருசமும் ஊர் ஊராகப் போகிற விழா இது. நடுக்குளிரில் வீட்டில் ஹீற்றருக்கு முன்னால் குந்தியிருக்காமல் நான் கிளம்பிப் போகிற ஒரே விசயம். ஸ்பெயினின் புதுப் படங்கள்தான் கூட இருக்கும், கூடவே லத்தீன் அமெரிக்கப் படங்களும் வரும். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எந்த நாட்டுப் படம் என்று நிகழ்ச்சிநிரலில் பெரிதாகப் போட்டிருக்கும். வாசிக்காமல் ரிக்கற் எடுத்தது யாருடைய பிழை?

‘ஆங்கிலத்தில ஸ்பானிஷ் எண்டால் ஸ்பெயின் நாட்டையும் குறிக்கும்தானே’ என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டார். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். பெயரில் குழப்பம் இருக்கிறது. ஆனால் ‘அசல் ஸ்பானிஷ்’ மொழிதான் வேண்டும் என்றால் ஸ்பெயின் படங்களிலேயே சிலதைக் கழிக்க வேண்டி வரும். 2022இல் பெர்லின் விழாவில் முதற்பரிசான தங்கக் கரடியை வாங்கிய கார்லா சிமோனின் ‘அல்கர்ராஸ்’, ஸ்பெயின் நாட்டுப் படம்தான். பீச்மரத் தோட்டத்தை இழக்கப்போகிற ஒரு குடும்பத்தின் கதை. அதில் கதைக்கிறது ஸ்பானிஷ் இல்லை, காத்தலான் மொழி. ஒஸ்காருக்கு ஸ்பெயின் அனுப்பியதும் அதைத்தான். சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பொதுவெளியில் ஒடுக்கப்பட்ட மொழி அது. அதே ஆட்சிதான் 1941இல் வெளிநாட்டுப் படங்களை எல்லாம் ஸ்பானிஷில் டப் பண்ணித்தான் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அசல் அசல் என்று அலைந்தவர்கள் கடைசியில் எங்கே போய் நின்றார்கள் என்று தெரியும்தானே.

இன்னொரு கதை. ‘ரோமா’ படம் ஞாபகம் இருக்கும். ஸ்பெயினில் அந்த மெக்சிக்கோப் படத்துக்கு நெற்பிளிக்ஸ் ஸ்பானிஷ் சப்ரைற்றில் போட்டது. ஸ்பானிஷுக்கு ஸ்பானிஷ்! பாத்திரம் ‘மமா’ என்று கூப்பிட, கீழே ‘மாட்ரே’ என்று எழுத்து ஓடியது. ‘கன்சீற்றோ’ என்ற மெக்சிக்கோச் சொக்கிளேற் கேக், ‘கன்ச்சீற்றோஸ்’ என்ற சீஸ் முறுகலாக மாறிப்போனது. இயக்குநர் குவாரோன், இது ஸ்பெயின்காரரையே அவமதிக்கிற வேலை என்று கொதித்தார். பிறகு தூக்கிவிட்டார்கள்.

எனக்கு அது சிரிப்பாக வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் சென்னையில் கொஞ்சக் காலம் இருந்தோம். அம்மா கடையில் போய் ‘தம்பி, வெங்காயம் என்ன விலை? வடிவாச் சொல்லும்’ என்று கேட்டால், கடைக்காரர் ‘மலையாளமா?’ என்று கேட்பார். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும். பிறகு பிறகு அம்மா கடைக்குப் போவதில்லை, என்னை அனுப்புவா. நான் பள்ளிக்கூடத்தில் பழகிய தமிழில் வெங்காயம் வாங்கி வருவேன். பிறகு கமல் எங்கள் ஈழத்தமிழ் கதைத்து ஒரு படம் வந்தபோது தியேட்டரே உருண்டு சிரித்தது. பொய் சொல்லக்கூடாது, நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா சிரிக்கவில்லை.

‘ஒரு படவிழாவுக்குள்ள இவ்வளவு அரசியலா அக்கா?’ என்று கேட்பவர்கள் தயவுசெய்து அடுத்த பதிவுக்குப் போங்கள். ‘உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமோ?’ என்று கேட்பவர்களுக்கு: தெரியாது. ‘ஓலா’வும் ‘கிராசியாஸ்’உம் மட்டும்தான். எழுத்து வாசித்துத்தான் பார்க்கிறேன். ரிக்கற் விலை கூட என்றால், ஓம், கூடத்தான். அதில் அண்ணையோடு நூறு வீதம் ஒத்துப்போகிறேன்.

அண்ணை திட்டிய அதே படத்தை நானும் பார்த்தேன். எனக்கு முன் வரிசையில் கம்பளிச் சால்வை போர்த்த ஒரு வயதான அம்மா. பகிடி வருகிற இடத்தில் எல்லாம் திரையில் எழுத்து விழ முன்னமே அவ சிரிப்பா. அரைச் செக்கன் கழித்துத்தான் மிச்சத் தியேட்டர் சிரிக்கும். படம் முடிந்து வெளியே கோப்பிக்கு நின்றபோது கதை கொடுத்தேன். 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலியில் இருந்து வந்தவவாம். சொல்லின் கடைசியில் வருகிற ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவோம், அதனால் ஸ்பெயின்காரருக்கே எங்களை விளங்காது என்று சொல்லிச் சிரித்தா. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ‘கச்சாய்?’ என்றா. விளங்குதோ என்று அர்த்தமாம். எங்கள் யாழ்ப்பாணத்தில் கொடிகாமத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது என்றேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டா.

‘நீ’ என்பதற்கு ஆர்ஜென்ரீனாக்காரர் ‘வோஸ்’ என்கிறார்களே, ஸ்பெயினில் எப்போதோ வழக்கொழிந்துபோன சொல் அது. எங்கள் ‘நீர்’ மாதிரி. நாங்கள் இன்னும் ‘நீர் வாரும்’ என்கிறோம். அதை வைத்து நாங்கள் கதைப்பது தமிழ் இல்லை என்று ஆராவது சொன்னால் அண்ணை முதல் ஆளாகச் சண்டைக்குப் போவார். போனவர்தான், நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் போன வருசம் ஒரு பேச்சுப்போட்டி நடந்தது. எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். என் மகள் ‘நான் அம்மம்மாவோடு கதைப்பேன்’ என்றாள். நடுவர் அவளைக் கூப்பிட்டு, ‘பேசுவேன் என்பதுதான் நல்ல தமிழ்’ என்று சொல்லிப் புள்ளி குறைத்தார். பத்து வயதுப் பிள்ளை. காரில் வரும்போது ‘அம்மம்மா கதைக்கிறது பிழையா?’ என்று கேட்டாள். அன்றைக்கும் இதே குழுவில் எழுதினேன். அண்ணை உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. லைக் நாலு. அதில் ஒன்று என் மனுசன்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு ஆர்ஜென்ரீனாப் படம் இருக்கிறது. அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்குக் கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசிக்க இயலாது. மகள் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவாள், எங்கள் தமிழில். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தால் முறைக்கட்டும்.