காலம் சரியான நடுவரா?
“நல்ல இசையைக் காலம் கைவிடாது” என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளர் லூயிஸ் பெர்த்தானின் ‘ஃபாவுஸ்தோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1831இல் பாரிஸில் சில தடவை மேடையேறி மறைந்துபோன ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம்; அதே கதையை வைத்துக் குனோ எழுதிய புகழ்பெற்ற ‘ஃபாஸ்ட்’ வர இன்னும் 28 வருடம் இருந்தது. கிறிஸ்தோஃப் ருசே நடத்திய புது ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். அங்கங்கே இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் வாடை அடிக்கிறது, சரி. ஆனால் நாயகன் ஃபாஸ்ட்டைப் பெர்த்தான் முதலில் பெண் குரலுக்குத்தான் எழுதினார். அரங்கேற்றத்தில் பாடியது டெனர், அதாவது உயர்ந்த சுருதி ஆண் குரல். இந்தப் பதிவில் பாடகி கரீன் தெஸே பாடும்போது அந்தப் பாத்திரத்தின் தவிப்பே வேறாகத் தெரிகிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பெர்த்தானைப் “பெண் என்பதால் ஒதுக்கினார்கள்” என்கிறார். அது பாதிதான். அவருடைய அப்பா செல்வாக்கான பத்திரிகையின் முதலாளி. 1836இல் எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோவே பாடல்வரி எழுதிக்கொடுத்த பெர்த்தானின் ‘எஸ்மெரால்டா’ ஓபராவை அந்தப் பத்திரிகையின் எதிரிகள் அரங்கில் கூச்சல் போட்டே கவிழ்த்தார்கள். போதாததற்கு, அதில் நன்றாக இருந்ததெல்லாம் ஒத்திகை நடத்திய இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதியது என்று வதந்தி வேறு. பெர்லியோஸே மறுத்தும் அடங்கவில்லை. அப்புறம் பெர்த்தான் ஓபரா பக்கமே போகவில்லை. இதில் காலம் எங்கே தீர்ப்புச் சொன்னது?