எட்டு அணைகளும் ஓர் அரிசி அளவு டேக்கும்

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள பொன்னவில் அணையில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. கொலம்பியா நதியில் மீன் ஏணி வழியாக, அதாவது மீன்கள் அணையைத் தாண்டக் கட்டிய தண்ணீர்ப் படிகள் வழியாக, ஏறிவரும் சால்மன்களை அங்கே முகத்துக்கு நேராகப் பார்க்கலாம். போன செப்டம்பரில் சினூக் வகையைச் சேர்ந்த ஒரு பெரிய சால்மன் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. வால் ஓரம் கிழிந்து வெளுத்திருந்தது. இழுக்கிற தண்ணீரில் அப்படியே நின்று, பிறகு ஒரே உந்தலில் மறைந்துவிட்டது. அது போனபின்னும் எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

1938-லிருந்து இங்கே ஏறிப்போகும் மீன்களை எண்ணி வருகிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். என் மனத்தாங்கல், கடலுக்கு இறங்கும் குஞ்சுகளின் கணக்கைப் பற்றியது.

ஐடஹோ மாநில மலைகளில் பிறக்கும் குஞ்சு கடலைத் தொட எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். கொலம்பியாவில் கலக்கும் ஸ்னேக் நதியில் நான்கு, கொலம்பியாவில் நான்கு. ஒரு காலத்தில் பனி உருகி வரும் வெள்ளமே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இப்போது வழியெல்லாம் தேங்கிய தண்ணீர். நாள் கூடுகிறது, தண்ணீர் சூடேறுகிறது, தின்னக் காத்திருக்கும் மீன்களும் பெருகிவிட்டன. டர்பைனுக்குள் போனால் அழுத்தம் சட்டென்று குறைந்து காற்றுப்பை கிழியலாம். மதகு வழியே போனால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் தெரிய வந்ததற்கு முக்கியக் காரணம் பிட் டேக். 12 மில்லிமீட்டர் நீளம், ஓர் அரிசி அளவுதான். பேட்டரி கிடையாது. குஞ்சின் வயிற்றுக்குள் வைத்துவிட்டால், அணையில் உள்ள அன்டெனாவைக் கடக்கும்போதெல்லாம் தன் எண்ணைச் சொல்லும். முகத்துவாரத்தில் ஈஸ்ட் சாண்ட் என்றொரு தீவு. ஆலாக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டும் இடம். பறவைகள் போனபின் ஆராய்ச்சியாளர்கள் அந்த மண்ணின் மேல் அன்டெனாவை நகர்த்திக்கொண்டே போவார்கள். எச்சத்தோடு விழுந்த டேக்குகள் ஒவ்வொன்றாக எண் சொல்லும். அத்தனை அணைகளையும் தாண்டி வந்து, கடலுக்குச் சற்று முன்னே முடிந்துபோன குஞ்சுகள் அவை. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகளில் 96 சதவீதம் ஓர் அணையைப் பிழைத்துக் கடக்க வேண்டும் என்று அணைகளுக்கான அமெரிக்க அரசின் 2008 திட்டத்தில் இலக்கு வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு முறை பெருக்கிப் பாருங்கள்: நூற்றில் 72. நீர்த்தேக்கங்களில் சாவது இதில் சேராது. அணைகளில் அடிபட்டு, அலுத்து, காலம் தவறிக் கடலுக்குப் போய் அங்கே சாவதும் சேராது. அந்தச் சாவைக் கடலின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இறங்கிய நூறில் எத்தனை வளர்ந்து திரும்பின என்று கேட்பதுதான் நியாயம். இரண்டு முதல் ஆறு வரை திரும்ப வேண்டும் என்பது அந்தப் பகுதியின் மின்சார, இயற்கைவளக் கவுன்சில் வைத்த இலக்கு. ஸ்னேக் நதியின் இயற்கைச் சினூக் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த இரண்டைக்கூட எட்டுவதில்லை. 1992-இல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு, சாக்கை என்ற இன்னொரு வகைச் சால்மன் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது.

அதனால்தான் ஸ்னேக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள நான்கு அணைகளையும் எடுத்துவிட வேண்டும் என்கிறேன். அவை மின்சாரம் தருகின்றன, ஐடஹோவின் லூயிஸ்டன் ஊர் வரை கோதுமைப் படகுகள் போகின்றன, மறுக்கவில்லை. மின்சாரத்துக்கு மாற்று உண்டு, கோதுமை ரயிலில் போகும். குஞ்சுக்கு வேறு ஆறு கிடையாது. கலிஃபோர்னியா, ஆரிகன் மாநிலங்களில் ஓடும் கிளாமத் நதியில் நான்கு அணைகளை எடுத்து முடித்தது 2024-இல். அதே ஆண்டு அக்டோபரில் சினூக், அணைகள் இருந்த இடத்தைக் கடந்து ஆரிகன் வரை ஏறிவிட்டது.

அதுவரை ஒன்றாவது செய்யலாம். ஏறிப்போன மீன்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போதெல்லாம், முன்பு அவற்றோடு சேர்ந்து கடலுக்கு இறங்கிய குஞ்சுகள் எத்தனை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.